பழைய தென்னாற்காடு மாவட்டம்: உள்ளாட்சிச் சீர்திருத்தங்கள் கிராமத்தின் கையில் எதைக் கொடுத்தன?

ரெட்டிச்சாவடி வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, முள்ளோடை எல்லைக்குத் தமிழகப் பக்கத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. எங்கள் பகுதியின் பழைய கிரயப் பத்திரங்கள் "தென்னாற்காடு ஜில்லா, கூடலூர் தாலுகா" என்று தொடங்கும் (கூடலூர் என்பது கடலூரின் பழைய பெயர்). 1993க்குப் பிந்தியவற்றில் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்றும், 1997க்குப் பிந்தியவற்றில் கடலூர் மாவட்டம் என்றும் எழுதியிருக்கும். நிலமும் நான்கெல்லையும் மாறவில்லை. தலைப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசினால் ஒவ்வொருவரும் ஒரு காலத்தைச் சொல்கிறார்கள். ஜில்லா போர்டு (பழைய மாவட்ட உள்ளாட்சி மன்றம்) இருந்தபோது சாலை நன்றாக இருந்தது என்கிறார் ஒருவர். ஒன்றியம் வந்த பிறகுதான் ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்தது என்கிறார் இன்னொருவர். கர்ணம் (ஊர்க் கணக்கர்), முன்சீப் (ஊர் மணியக்காரர்) பதவிகள் போனபோதுதான் உண்மையான விடுதலை கிடைத்தது என்போரும் இருக்கிறார்கள். மாவட்டத்தைப் பிரித்ததுதான் பெரிய மாற்றம் என்று கள்ளக்குறிச்சிப் பக்கத்து உறவினர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.

இவற்றுள் எந்த மாற்றம் ஊர்மக்களுக்கு முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தது, எது அதிகாரியின் அலுவலகத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது என்பதை அறிய விரும்புகிறேன். அருகிலுள்ள கடலூர் மாநகராட்சி விரிவடையும்போது எங்களைப் போன்ற ஊராட்சிகளின் நிலை என்னவாகும் என்ற பேச்சும் இங்கே எழுந்திருப்பதால், இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது எங்களுக்கு அவசியமாகிறது.

ஓய்வுபெற்ற ஒன்றிய ஊழியர், பண்ருட்டி

அம்மா, மாவட்டப் பிரிப்பையும் உள்ளாட்சி மாற்றத்தையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தபோது, நிலவரி வசூலிப்பதற்காக வரையப்பட்ட எல்லைதான் தென்னாற்காடு மாவட்டம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர், தாலுகாவில் தாசில்தார், ஊரில் கர்ணமும் முன்சீப்பும் என்று மேலிருந்து கீழே இறங்கும் அமைப்பு அது. அந்த எல்லை பல முறை வெட்டியும் ஒட்டியும் மாற்றப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலை தாலுகாகூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாற்காட்டில்தான் இருந்தது. பிறகுதான் வடாற்காட்டுக்குப் போயிற்று. இந்த வெட்டல் ஒட்டல் எதிலும் ஊர்மக்களின் அதிகாரம் கூடவோ குறையவோ இல்லை.

மக்களின் பிரதிநிதிகள் என்ற பேச்சு உள்ளூர் நிர்வாகத்துக்குள் வந்தது வேறு வழியாக. ரிப்பன் பிரபு 1882இல் வெளியிட்ட தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டு ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்தன. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கையை ஓங்கச் செய்தது. சாலை, பாலம், மருத்துவமனை, உயர்நிலைப் பள்ளி ஆகியவை ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தன. வயதானவர்கள் இன்றும் "போர்டு ஹைஸ்கூல்" என்று சொல்வது அதனால்தான். உங்கள் ஊர்ப் பெரியவர் சாலையை நினைவுகூர்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த போர்டுக்கு வாக்களிக்கும் உரிமை நெடுங்காலம் வரி செலுத்துவோருக்கு மட்டுமே இருந்தது. ஏரிக்கரையில் குடியிருந்த கூலிக்காரருக்கு அதில் இடமில்லை. அதைச் சொல்லாமல் போர்டு காலத்தைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் மிகப் பெரிய மாற்றமாகக் கருதுவது, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் கட்டம் கட்டமாக ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டன. தொடக்கப் பள்ளிகளும், ஊர்களை இணைக்கும் சாலைகளும், குடிநீர்க் கிணறுகளும் ஒன்றியத்தின் கைக்கு வந்தன. ஊராட்சி வசூலித்த வீட்டு வரிக்கு இணையாக அரசு மானியம் தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றியத்துக்குள் அடங்கிய ஊராட்சிகளின் தலைவர்கள் அனைவரும் அப்பதவியின் வழியாகவே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்களாகவும் இருந்தார்கள். தன் ஊருக்குப் பள்ளிக் கட்டடம் வேண்டும் என்று கேட்கும் தலைவரும், எந்த ஊருக்கு என்று முடிவு செய்யும் குழுவில் உட்கார்ந்திருப்பவரும் ஒருவரே. அந்த இணைப்பின் வலிமையை அலுவலகத்தில் இருந்தவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். மூத்த ஊழியர்கள் அதைப் பற்றிச் சொல்லும்போது குரலில் ஒரு மதிப்பு இருக்கும்.

அந்த அமைப்பைத் தேய்த்தது தேர்தல் நடத்தாமைதான். 1970இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது 1986இல். அதற்குப் பிறகு 1996இல். இடைப்பட்ட ஆண்டுகளில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் அரசு அமர்த்திய தனி அலுவலர்களின் ஆட்சி நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் அப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான். தீர்மானம் எழுதுவதும், அதை அங்கீகரிப்பதும், செலவுச் சீட்டில் கையெழுத்திடுவதும் ஒரே மேசையில் முடிந்துவிடும். அக்காலத்தில் ஒன்றியத்தின் பொறுப்புகளும் ஒவ்வொன்றாகத் துறைகளிடம் போயின. 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்கு அது நியாயமான நன்மை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும் "ஊராட்சி ஒன்றியம்" என்ற சொல் தங்கிவிட்டது.

கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதை ஏற்றுக்கொண்டது. பரம்பரையாக ஒரே குடும்பம் ஊர்க் கணக்கை வைத்திருந்த நிலை அத்துடன் முடிந்தது. தகப்பனுக்குப் பின் மகன் என்று வந்த அதிகாரத்தின் இடத்தில், தேர்வு எழுதி வேறு ஊரிலிருந்து வந்த கிராம நிர்வாக அலுவலர் உட்கார்ந்ததை விடுதலை என்று சொன்னவரை நான் மறுக்க மாட்டேன். எனினும் கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறையின் ஊழியர். ஊராட்சிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஒடுக்கும் கை நீங்கியது, ஆனால் சிட்டாவும் அடங்கலும் ஊர்மக்களின் பொறுப்புக்கு வந்துவிடவில்லை.

சங்கராபுரத்துக்காரர்

பண்ருட்டி ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். மாவட்ட எல்லையால் ஊர்மக்களின் அதிகாரம் கூடவில்லை என்ற ஒரு வரியைத் தவிர.

எங்கள் பகுதியிலிருந்து கடலூருக்குப் போவதென்றால் நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பயணம். கல்வராயன் மலையிலுள்ள சிற்றூர்களுக்கு அதற்கும் மேலே இறக்கமும் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும். அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் (பரம்பரை நில உரிமையாளர்களின்) கையில் இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் முழுமையான அரசு நிர்வாகம் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. மனு கொடுப்பதற்கே ஒரு நாள் கூலியை இழந்து, அலுவலகம் மூடும் முன் போய்ச் சேர முடியுமா என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தூரம் என்பது உரிமையைப் பற்றிய கேள்விதான். கேட்க முடியாத இடத்தில் இருக்கும் அதிகாரியிடம் உரிமை கோருவது எப்படி?

கிட்டத்தட்ட 10,900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே மாவட்டமாகத் தென்னாற்காடு இருந்தது. 1993 செப்டம்பர் 30ஆம் தேதி விழுப்புரம் தனியாகப் பிரிந்தபோது, பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பக்கம் போயிற்று. கடலூரிடம் எஞ்சியது 3,678 சதுர கிலோமீட்டர். 2019 நவம்பர் 26ஆம் தேதி கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கப்பட்ட பிறகுதான், திருக்கோவிலூர் முதல் சின்னசேலம் வரையிலான எங்கள் பக்கத்துக்கு ஒரு தலைமையிடம் கைக்கெட்டும் தொலைவில் வந்தது. மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் காலையில் பேருந்து ஏறி, மதியச் சமையலுக்குத் திரும்பிவிட முடிகிறது. இதைச் சிறிய மாற்றம் என்று யாராவது சொன்னால் என் மனம் ஒப்பாது.

ஆனால் இதற்கு நாங்கள் கொடுத்த விலையும் உண்டு. 2016இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்ததால் மாநிலம் முழுவதும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி நடந்தது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் கடலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகள் வாக்களித்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்டவையும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாக ஒன்பது மாவட்டங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டன. வார்டு வரையறையை முறைப்படி முடித்த பிறகே அங்கே தேர்தல் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் அந்த ஒன்பதில் அடங்கும். நாங்கள் வாக்களித்தது 2021 அக்டோபரில். 2011இல் தேர்ந்தெடுத்த தலைவர்களுக்குப் பிறகு பத்தாண்டுகள் கழித்துத்தான் எங்கள் ஊராட்சிகளுக்குத் தலைவர்கள் கிடைத்தார்கள். அந்தப் பத்தில் பாதி, தனி அலுவலர் காலம். கொரோனா பரவிய மாதங்களில், ஊரில் யாருக்கு என்ன தேவை என்று தெரிந்த ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் எங்களுக்கு இல்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகி

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தை இதுவரை யாரும் எடுக்காததால் குறுக்கிடுகிறேன். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஏற்ப வந்த அந்தச் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தையும், பட்டியல் சமூகத்தினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களையும் ஒதுக்கியது. 2016இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. கர்ணமும் முன்சீப்பும் ஆண்ட ஊர்களில் ஒரு பட்டியல் சமூகப் பெண் தலைவராக உட்காரும் உரிமையை இதற்கு முந்தைய எந்தச் சீர்திருத்தமும் உறுதி செய்யவில்லை. என் பார்வையில் பெரிய மாற்றம் இதுதான்.

ஆயினும் சட்டம் நாற்காலியைக் கொடுத்தாலும் ஊர் அதில் உட்கார விடுவதில்லை என்பதை எங்கள் பகுதியே காட்டிவிட்டது. புவனகிரிக்கு அருகிலுள்ள தெற்குத் திட்டை ஊராட்சியில் பெண் தலைவர் கூட்டத்தின்போது தரையில் அமர வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் மாநிலத்தையே தலைகுனிய வைத்தது. வழக்கும் கைதும் அதன் பிறகே வந்தன. எந்தத் தனி அலுவலர் காலமும் இத்தகைய தலைவர்களைத்தான் முதலில் பாதிக்கிறது. சுழற்சி முறையில் தங்களுக்குக் கிடைத்த ஐந்து ஆண்டுகளில் ஓர் ஆண்டைப் பழகுவதற்கே செலவிட்டவர்களுக்கு, அடுத்த தேர்தல் எப்போது என்பதுகூடத் தெரியாத நிலை அது.

பாகூர் கொம்யூன்வாசி

எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாகூருக்கும் கடலூருக்கும் நடுவில் பெண்ணையாறு ஓடினாலும், பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் எப்போதும் ஒன்றாகவே இருந்து வருகின்றன. உள்ளாட்சியின் வரலாறு மட்டும் முற்றிலும் வேறு.

பிரெஞ்சு அரசு 1880இல் பிறப்பித்த ஆணையின்படி எங்கள் பகுதி கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் வந்தார்கள். சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு உருவாவதற்கு முன்பே இது நடந்தது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் மேயரின் பொறுப்பில் இருந்தன. தேர்தல்களில் வாக்காளர் பட்டியலை வைத்து நடந்த மோசடிகளும் அடிதடிகளும் பெயர்போனவை என்பதால், அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மன்றங்களுக்கு இருந்த எடை எவ்வளவு என்பதை 1954 காட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் புதுச்சேரியைச் சுற்றியிருந்த நகராட்சி மன்றங்கள் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றின. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் வாக்களிக்கக் கூடிய 178 பேரும் பிரதிநிதித்துவ சபையின் உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமே. 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். ஒரு நிலப்பகுதி எந்த நாட்டுடன் சேர்வது என்பதையே உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தீர்மானித்த இடம் எங்கள் கீழூர்.

அப்படிப்பட்ட மண்ணில் அதற்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1973இல் நகராட்சிச் சட்டமும், கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. 98 கிராமப் பஞ்சாயத்துகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 5 நகராட்சிகள் என்று காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் அடுத்த தேர்தல் நடந்தது 2006இல், முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவிக்கப்பட்டும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் தேர்தல் நின்றுபோயிற்று. 2014இல் இடிந்து விழுந்த மேரி (பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலக) கட்டடத்தைக் கடற்கரையில் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி முடித்துவிட்டார்கள். அங்கே உட்கார வேண்டிய மேயரைத்தான் காணோம். எங்கள் தெரு விளக்கு எரியாவிட்டால் கொம்யூன் ஆணையரிடம் மனு கொடுக்க வேண்டும், அல்லது சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். எனவே, பண்ருட்டி ஐயா சொன்ன தேய்மானம் முற்றினால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்கள் முள்ளோடையைத் தாண்டி வந்தால் போதும்.

ரெட்டிச்சாவடி வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உரிமை கொடுத்த சட்டங்களும், அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாமல் போன ஆண்டுகளும் மாறி மாறி வந்திருப்பது இப்போது தெளிவாகிறது. சங்கராபுரத்துக்காரர் சொன்ன தூரத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எங்களுக்கு மஞ்சக்குப்பம் எப்போதும் பக்கத்தில் இருந்ததால் அது கண்ணில் படவில்லை.

பண்ருட்டி ஐயாவிடம் இன்னொன்று கேட்க வேண்டும். ஓர் ஊராட்சி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டால் நாங்கள் பெறுவது என்ன, இழப்பது என்ன? கடலூர் மாவட்ட ஊராட்சிகளில் இப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லாததால், எங்கள் சார்பில் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற ஒன்றிய ஊழியர், பண்ருட்டி

முதலில் சங்கராபுரத்து நண்பருக்கு: மலைவாசிகளின் தூரத்தை நீங்கள் எடுத்துச் சொன்ன விதத்துக்குப் பிறகு என் வரியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. அலுவலகம் அருகில் வருவதும் அதிகாரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த அலுவலகத்தில் யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வியை நான் விட மாட்டேன்.

கடலூர் நகராட்சி 1866இல் தொடங்கியது. 2021இல் மாநகராட்சியாகி, 2022இல் 45 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்து முதல் மேயரும் வந்துவிட்டார். வடலூரும் திட்டக்குடியும் அதே 2021இல்தான் நகராட்சிகள் ஆயின. நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளை இணைக்கும்போது பாதாளச் சாக்கடை, குப்பை அகற்றுதல், பெரிய குடிநீர்த் திட்டங்கள் ஆகியவற்றுக்கு நிதி பெறும் வழி திறக்கும். மனைப்பிரிவுகள் பெருகிவிட்ட ஊர்களில் ஓர் ஊராட்சிச் செயலரையும் சில தூய்மைக் காவலர்களையும் வைத்துக்கொண்டு இவற்றைச் சமாளிக்க முடியாது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இழப்புகள் வேறு வகையானவை. ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு உரியது என்பதால் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முதல் நாளே அதை உணர்வார்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை நகர விகிதத்துக்கு மாறும். ஊராட்சிக்கென்று தனித் தலைவர் என்பது போய், பல ஊர்கள் சேர்ந்து ஒரு வார்டு உறுப்பினர் என்றாகிவிடும். ஊரக நிதியிலிருந்து வரும் வீட்டுத் திட்டங்களும் நின்றுபோகும். விவசாயமே பிழைப்பாக உள்ள ஊருக்கும், வயலெல்லாம் மனையாகிவிட்ட ஊருக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. உங்கள் ஊரில் எத்தனை குடும்பங்கள் இன்னும் நிலத்தை நம்பியிருக்கின்றன என்பதை நீங்களே கணக்கெடுத்துப் பார்ப்பது நல்லது.

யார் பேசுவது என்று கேட்டீர்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நம் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளும் 14 ஒன்றியங்களும் மாவட்ட ஊராட்சியும் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. ஆனால் கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் முதல் தேதி என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். இணைப்பு வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், காரணங்களோடு எழுதிய தீர்மானத்தை அங்கே முன்வையுங்கள். அது தீர்மானப் பதிவேட்டில் ஏறிய பிறகே மக்கள் கையெழுத்திட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த வாரமே விண்ணப்பித்துப் பெற்று, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு படியை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிடுங்கள்.